கண்ணெதிரே ஓடும் ஏடு

அடியெடுத்துக் கொடுத்தல் என்பது தமிழில் பழைய வழக்கு. சேக்கிழார் பெரிய புராணம் பாடத் தொடங்கியபோது தில்லைக் கூத்தனே முதலடி எடுத்துக் கொடுத்தான் என்று நம் முன்னோர் சொல்லி வந்தனர். நாடக மேடையிலும் இவ்வழக்கு உண்டு. நடிகர் வசனம் மறந்து திகைக்கும்போது, பக்கத் திரையின் மறைவில் ஏட்டுடன் நிற்பவர் அடுத்த சொல்லை மெல்ல எடுத்துக் கொடுப்பார். அவையோர் அதனை அறியார். நாடகம் தடையின்றி நடந்தேறும். மறைவில் நின்ற அம்மனிதரின் வேலையை இன்று ஒரு கண்ணாடித் துண்டு செய்கின்றது. அதன் பெயர் டெலிபிராம்ப்டர்.

தொலைக்காட்சி நிலையத்துக் கருவியைப் பற்றிக் குடும்பத்தார் படிக்கும் திங்களிதழில் எழுதுவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். இன்று நம் வீடுகள் யாவும் சிறு நிலையங்களாகவே ஆகிவிட்டன. முன்னாளில் ஊருக்கு ஓர் இன்லண்டுக் கடிதம் போட்டு அமைந்தோம். இப்பொழுது பாட்டியின் எண்பதாம் ஆண்டு நிறைவுக்கு வாழ்த்து, உறவினர்க்குத் திருமண அழைப்பு, சங்கத்தின் பொங்கல் விழாவுக்குச் சிறுவர் உரை ஆகிய அனைத்தையும் கைப்பேசியிலேயே வீடியோவாகப் பதிந்து அனுப்புகின்றோம். அவற்றைப் பார்க்கும்போது இரண்டு குறைகள் அடிக்கடி தென்படுகின்றன. காகிதத்தைப் பார்த்துப் படிப்போர் தலை கவிழ்ந்தே இருக்கின்றனர். மனப்பாடம் செய்து பேசுவோர் நடுவில் சொல் மறந்து மேல்நோக்கி விழிக்கின்றனர். எவருக்காகப் பேசுகின்றோமோ அவருடைய முகத்தை நோக்கிப் பேசுவது இரண்டிலும் நேர்வதில்லை. இக்குறையைப் போக்கவே டெலிபிராம்ப்டர் ஏற்பட்டது. அதனை நன்கு கையாளும் முறையையும், தமிழைப் பொறுத்து அதில் நாம் கவனிக்க வேண்டியதையும் இங்கே எண்ணிப் பார்ப்போம்.

தோன்றிய கதை

அமெரிக்க நாட்டில் தொலைக்காட்சி பரவத் தொடங்கிய காலத்தில் நடிகர்களுக்கு ஓர் இடர் வந்தது. மேடை நாடகமாயின் ஒரே வசனத்தைப் பல நாள் பேசலாம். தொலைக்காட்சித் தொடருக்கோ நாள்தோறும் புதிய வசனம். அக்காலத்து நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நேரடியாகவே ஒளிபரப்பாயின. பிழை நேர்ந்தால் திருத்த வழியில்லை. பிரெட் பார்ட்டன் என்னும் நடிகர் இதற்கு ஒரு வழி தேடினார். ட்வென்டியத் செஞ்சுரி பாக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த இர்விங் கான் என்பாரும், ஹியூபர்ட் ஷ்லாஃப்லி என்னும் பொறியாளரும் அவருக்குத் துணை நின்றனர். 1950-ஆம் ஆண்டில் கருவி உருவாயிற்று. ஒரு பெட்டிக்குள் காகிதச் சுருள். அதில் பெரிய எழுத்துகளில் வசனம். மின்விசையால் சுருள் மெல்ல நகரும். பேசுபவரின் வேகத்தைக் கவனித்து அதனை ஓட்டுவதற்கு ஒருவர் அமர்ந்திருப்பார். அவ்வாண்டு டிசம்பரில் தொடங்கிய ஒரு தொடர் நாடகத்தில் அது பயன்படலாயிற்று. 1952-இல் சிகாகோ நகரில் நடைபெற்ற குடியரசுக் கட்சி மாநாட்டில், முன்னாள் குடியரசுத் தலைவர் ஹெர்பர்ட் ஹூவர் இக்கருவியின் துணையுடன் உரையாற்றினார். நாடகத்துக்காகப் பிறந்தது இரண்டே ஆண்டுகளில் அரசியல் மேடை ஏறிவிட்டது.

எனினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. சுருள் காமிராவின் பக்கத்தில் இருந்தது. ஆதலின் பேசுபவரின் பார்வை சற்றே விலகியிருந்தது. 'ஐ லவ் லூசி' என்னும் நகைச்சுவைத் தொடரின் தயாரிப்பாளர் ஜெஸ் ஓப்பன்ஹைமர் 1950-களில் இதற்குத் தீர்வு கண்டார். காமிராவின் லென்சுக்கு நேர் முன்னே ஒரு கண்ணாடியை வைத்து, எழுத்து அதிலேயே தோன்றுமாறு செய்தார். இன்றைய டெலிபிராம்ப்டர்கள் அவ்வழியில் வந்தவையே.

கண்ணாடியின் வேலை

லென்சின் முன்னே 45 பாகைச் சாய்வில் ஒரு கண்ணாடி நிற்கும். அதன் கீழே ஒரு திரை மல்லாந்து கிடக்கும். திரையில் எழுத்துகள் இடம்வலம் மாறி ஓடும். கண்ணாடியில் பிரதிபலிக்கும்போது அவை நேராகிவிடும். பேசுபவர் அவற்றைப் படிக்கின்றார். கண்ணாடிக்குப் பின்னே இருக்கும் லென்சுக்கு எழுத்து தெரிவதில்லை. ஏனெனில் பிரதிபலித்த ஒளி முழுதும் பேசுபவர் பக்கமே செல்கின்றது. லென்சைச் சுற்றிக் கறுப்புத் துணி போர்த்தி, பின்புறத்து வெளிச்சம் புகாமல் காக்கின்றனர். வரும் ஒளியில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை ஊடுருவ விட்டு, 30 விழுக்காட்டைத் திருப்பும் பூச்சுக் கண்ணாடி இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றது. சாதாரணக் கண்ணாடியாயின் அதன் இரு முகங்களும் பிரதிபலித்து, எழுத்து இரட்டையாகத் தெரியும்.

தலைவர்கள் மேடையில் பேசும்போது இருபுறமும் கம்பங்களில் நிற்கும் கண்ணாடித் தகடுகளும் இத்தத்துவத்தில் அமைந்தவையே. அவையோருக்கு அவை வெறுங்கண்ணாடி. பேச்சாளருக்கு அவையே ஏடு.

வீட்டில் செய்யும் வகை

நம் வீடுகளில் இவ்வளவு தளவாடம் வேண்டுவதில்லை. கைப்பேசியிலேயே எழுத்தை ஓட்டும் செயலிகள் பல உள்ளன. காமிராவுக்கு மிக அருகில் எழுத்து ஓடுமாறு அமைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசி பேசுபவரின் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மேசைமீது தாழ வைத்தால் மோவாய்தான் பெரிதாகத் தெரியும்.

தொலைவும் முக்கியமானது. எழுத்து லென்சிலிருந்து 3 செ.மீ. தள்ளியிருப்பதாகக் கொள்வோம். 50 செ.மீ. தொலைவில் அமர்ந்து படித்தால் பார்வை 3 பாகைக்கு மேல் விலகும். 150 செ.மீ. தொலைவுக்குச் சென்றால் விலகல் ஒரு பாகையளவாகக் குறையும். தொலைவுக்கேற்ப எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். வரியோ குறுகியிருக்க வேண்டும்; அகன்ற வரியைப் படிக்கும் கண் இடமும் வலமுமாக ஓடுவதைப் பார்ப்பவர் எளிதில் கண்டுகொள்வர். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அமைத்தால், மூக்குக் கண்ணாடி அணிந்த பெரியவர்களின் கண்ணாடியில் திரை வெளிச்சம் அவ்வளவாகத் தெரியாது.

எழுத்து தானே ஒரே வேகத்தில் ஓடுமாறு விட்டுவிடுவது நன்றன்று. பேசுபவர் அதனைத் துரத்திக்கொண்டு ஓட நேரும். அன்று சுருளுக்கருகில் ஒருவர் அமர்ந்திருந்ததுபோல், இன்றும் வீட்டில் ஒருவர் உடனிருந்து ஓட்டுவதே சிறந்தது. பேசுபவர் நிறுத்தினால் எழுத்தும் நிற்க வேண்டும். பேச்சு முன்னே செல்ல, ஏடு பின்னே வர வேண்டும்.

தமிழுக்கென்று சில

இக்கருவியைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்காக எழுதப்பட்டவை. தமிழின் அமைப்பு வேறு. நம் வாக்கியத்தில் வினைமுற்று இறுதியில் நிற்கும். திரையிலோ நான்கைந்து வரிகளே ஒரு சமயத்தில் தெரியும். நீண்ட வாக்கியமாயின், செயல் நடந்ததா நடக்கவில்லையா, சொல்லுவது செய்தியா வினாவா என்பது இறுதி வரி மேலேறி வரும் வரையில் படிப்பவருக்கே தெரியாது. எங்கே குரலை ஏற்றுவது, எங்கே தாழ்த்துவது என்று அவர் தடுமாறுவார். ஆதலின் ஒரு வாக்கியம் ஒரு திரைக்குள் அடங்குமாறு எழுத வேண்டும். சொற்களையும் இயன்றவரை பிரித்து எழுதலாம். 'வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்' என்னும் சொல் ஏட்டில் அழகாக இருக்கலாம். குறுகிய திரையில் அது வரி முழுவதையும் அடைத்துக்கொள்ளும்.

எண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வெளிமாநிலத்தில் வளரும் நம் குழந்தைகள் தமிழைத் தமிழாகவே படித்துக்கொண்டு வருவர். இடையில் '1965' என்று கண்டவுடன் ஆங்கிலத்துக்கோ இந்திக்கோ தாவிவிடுவர். இது அவர்களுடைய குற்றமன்று. பள்ளியில் எண்ணக் கற்ற மொழி அது. திரையில் 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில்' என்று எழுத்தாலேயே எழுதிவிட்டால் இத்தாவல் நேராது.

வாசிப்பு என்று தோன்றாத வாசிப்புக்குத் தமிழில் நல்ல முன்னோடிகள் உளர். தில்லி வானொலியிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழில் செய்தி வாசித்து, 2022-இல் மும்பையில் மறைந்த சரோஜ் நாராயணசுவாமியின் குரலை மறவாதார் நம்மிற் பலர். அவர் முன்னே இருந்ததும் எழுதி வைத்த செய்தியே. ஆயினும் ஒவ்வொரு சொல்லும் பொருளுணர்ந்து வெளிவந்தது. கருவி எதுவாயினும், உரக்கப் பலமுறை படித்துப் பார்த்து, நாவுக்கு இடறும் சொற்களை மாற்றி எழுதிய பின்னரே பதிவுக்கு அமர வேண்டும்.

எந்த எழுத்தில் ஓடுவது?

இனி நாம் பெரிதும் கவலை கொள்ள வேண்டிய செய்திக்கு வருவோம். நம் குழந்தைகளிற் பலர் தமிழ் பேசுவர். தமிழ் படிக்க அறியார். விழா நெருங்கும்போது பெற்றோர் என் செய்கின்றனர்? உரையை ரோமன் எழுத்திலோ தேவநாகரியிலோ எழுதிக் கொடுத்துவிடுகின்றனர். குழந்தையும் தடையின்றிப் படிக்கின்றது. அவையும் கை தட்டுகின்றது. டெலிபிராம்ப்டர் வந்தபின் இவ்வழி இன்னும் எளிதாகிவிட்டது. எந்த எழுத்தில் படிக்கின்றது என்பதும் எவர்க்கும் தெரிவதில்லை.

ஆனால் காதுக்குத் தெரிந்துவிடுகின்றது. ரோமன் எழுத்தில் பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடுகின்றன. இந்திக்கு வழங்கும் தேவநாகரியில் எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இல்லை. ஆதலின் 'எரி'யும் 'ஏரி'யும், 'கொடு'வும் 'கோடு'ம் ஓருருக் கொள்கின்றன. ழகரத்தின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. வீட்டில் அம்மாவிடம் செம்மையாகப் பேசும் குழந்தையே, பிற எழுத்தைப் பார்த்துப் படிக்கும்போது தன் தமிழை இழந்துவிடுகின்றது. செவிவழி வந்த ஒலியைக் கண்வழி வந்த எழுத்து கெடுத்துவிடுகின்றது.

இதற்கு மாற்று யாது? அதே கருவியை அரிச்சுவடியாக்கலாம். திரையில் எழுத்து பெரிது, வரி சிறிது, ஓட்டமோ நம் கையில். தமிழ் எழுத்துப் பழகும் குழந்தைக்கு இதைவிட ஏற்ற பலகை ஏது? விழாவுக்கு இரண்டு திங்கள் முன்னரே தொடங்குவோம். முதலில் நான்கு வரி போதும். வீட்டில் அன்றாடம் வழங்கும் சொற்களால், குழந்தை தானே சொல்லிய செய்தியைத் தமிழெழுத்தில் எழுதித் திரையில் ஓட்டுவோம். முன்னரே அறிந்த வாக்கியமாதலால் எழுத்துகளை இனங்காண்பது எளிதாகும். நாள்தோறும் பத்து நிமிடம் மெல்ல ஓட்டினால், பதிவு நாள் வரும்போது அக்குழந்தை நான்கு வரித் தமிழை உண்மையாகவே படிக்கும். அயலெழுத்தில் படித்த நாற்பது வரியைக் காட்டிலும் அந்த நான்கு வரி மேலானது. அடுத்த ஆண்டு அது எட்டு வரியாகும். விழா நடத்துவோரும் இதற்கு இடங்கொடுக்க வேண்டும். குறுகிய உரையைக் குறையாகக் கருதலாகாது.

கருவி வேண்டாத இடங்கள்

வரவேற்புரைக்கும், நன்றியுரைக்கும், பெயர்களும் நாட்களும் பிழையின்றிச் சொல்ல வேண்டிய அறிவிப்புகளுக்கும் டெலிபிராம்ப்டர் நற்றுணை. துயரம் கேட்பதற்கும், மூத்தோர் ஆசி கூறுவதற்கும் அது ஆகாது. சிறப்பாக, வீட்டுப் பெரியவர்களின் பழைய நினைவுகளைப் பதிவு செய்வோர் அவர்களுக்கு எழுதிக் கொடுத்துப் படிக்கச் செய்தல் வேண்டாம். காமிராவுக்கு அருகில் பேரனோ பேத்தியோ அமர்ந்து கேள்வி கேட்கட்டும். முதன்முதல் இந்நகரில் இரயிலை விட்டு இறங்கிய நாளைப் பற்றி, வாடகைக்கு இடம் தேடி அலைந்ததைப் பற்றி, அரிசிக்கும் காப்பிப் பொடிக்கும் பட்ட பாட்டைப் பற்றி அவர்கள் தம் ஊர்த் தமிழிலேயே சொல்லட்டும். அவர்கள் இடையில் நிறுத்தி யோசிப்பதும் பதிவில் இருக்க வேண்டியதே. தஞ்சைப் பேச்சும் நெல்லைப் பேச்சும் நம் பேரர்களின் செவிக்கு வேறெங்கிருந்து கிடைக்கும்?

வரும் பொங்கலுக்குப் பதிவு செய்யவிருக்கும் குடும்பத்தார் இன்றே தொடங்கலாம். பெரியவர்களுக்குக் கேள்விகளையும், சிறுவர்களுக்கு நான்கு வரித் தமிழையும் ஆயத்தம் செய்வோம். கருவி சொல்லை எடுத்துக் கொடுக்கும். அச்சொல்லைத் தமிழெழுத்தில் எழுதித் தர வேண்டியவர் நாமே.