ஒரு சி.டி. ஸ்கேன் 400 எக்ஸ்ரேக்குச் சமமா?

சில மாதங்களுக்கு முன் 52 வயதுப் பெண்மணி ஒருவர் வலப்பக்க அடிவயிற்று வலியோடும் காய்ச்சலோடும் எங்களிடம் வந்தார். அல்ட்ராசவுண்ட் பரிசோதனையில் அப்பெண்டிக்ஸ் எனப்படும் குடல்வால் தெளிவாகத் தெரியவில்லை. வயிற்றுக்குச் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றோம். உடன் வந்திருந்த மகன் தம் கைபேசியை நீட்டினார். “ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தா 400 எக்ஸ்ரே எடுத்த மாதிரின்னு போட்டிருக்கே டாக்டர், அம்மாவுக்கு இது வேணுமா?” என்று கேட்டார். “அதெல்லாம் ஒன்றும் ஆகாது தம்பி” என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கச் சென்றோம். அவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். ஐந்தாம் நாள் மீண்டும் வந்தபோது குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் கட்டியிருந்தது. வேண்டாம் என்ற ஸ்கேனை அன்று எடுக்க நேர்ந்தது. சீழ் வற்றியதா என்று பார்க்கப் பின்னர் இன்னொன்றும் எடுத்தோம். 20 நாள் படுக்கையில் இருந்து நலமடைந்து சென்றார்.

அந்த மகன் காட்டிய கணக்கு பொய்யன்று. அதனாலேயே எங்கள் பதில் அவருக்குப் பொய்யாகப் பட்டிருக்க வேண்டும். அன்று சற்று நேரம் நின்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறோம்.

உடல் பெறும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்னும் அலகால் கணக்கிடுகிறோம். மார்புக்கு எடுக்கும் ஓர் எக்ஸ்ரேயில் அது ஏறத்தாழ 0.02, வயிற்றுக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேனில் ஏறத்தாழ 8. வகுத்தால் 400 வருகிறது. ஆனால் மார்பு எக்ஸ்ரே மிகமிகச் சிறிய அளவுகோல். வீட்டின் நீளத்தை விரற்கடையால் அளந்தாலும் எண் பெரிதாகத்தான் வரும். மண், வானம், உணவு, மூச்சுக்காற்றிலுள்ள ரேடான் வாயு ஆகியவற்றிலிருந்து, மருத்துவமனைப் படியேறாத மனிதருக்கும் ஆண்டுதோறும் கதிர்வீச்சு சேர்கிறது. உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். அந்த அம்மையார் ஒரு ஸ்கேனில் பெற்றது, மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் இயற்கையாகவே சேர்ந்திருக்கக்கூடிய அளவு.

குமரிக் கரையில் மணவாளக்குறிச்சிப் பக்கத்து மக்கள் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். அங்கே மணலிலுள்ள மோனசைட்டில் தோரியம் இருப்பதால் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிட அதிகம். அதேபோன்ற மணல் கொண்ட கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. அங்கே கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாக அது காணவில்லை. எனினும் இதை வைத்து எத்தனை ஸ்கேனும் எடுக்கலாம் என்று முடிவு கட்டுதல் கூடாது. நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்வது வேறு, சில நொடிகளில் பெறுவது வேறு.

அப்படியானால் தீங்கு உண்டா? சிறிதளவு உண்டு என்று கொண்டே நாங்கள் நடக்கிறோம். ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சில் உயிர்தப்பியவர்களை நெடுங்காலம் கவனித்துப் பெற்ற விவரங்களிலிருந்தே இக்கணக்குகள் பெரும்பாலும் போடப்படுகின்றன. அவற்றின்படி, 1,000 பேர் ஆளுக்கு 10 மில்லிசீவர்ட் பெற்றால் அவர்களுள் ஒருவருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரக்கூடும். இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்படியும் புற்றுநோய் வரலாம் என்பது மதிப்பீடு; அதாவது 1,000 பேரில் ஏறத்தாழ 110 பேர். அது 111 ஆகலாம் என்பதே அச்சத்தின் முழு அளவு. வெடிக்கப்போகும் குடல்வாலின் முன் இதை வைத்துப் பாருங்கள்.

குழந்தைகளின் நிலை வேறு. அவர்களுடைய உயிரணுக்கள் விரைந்து பெருகுபவை. நோய் தோன்றக்கூடிய ஆண்டுகளும் அவர்களுக்கு முன்னே நிறைய உள்ளன. ஆதலால் குழந்தை லேசாக விழுந்து, மயக்கமோ வாந்தியோ இன்றி ஓடியாடினால், தலைக்கு ஸ்கேன் எடுக்காமல் சில மணி நேரம் கவனித்துப் பார்ப்போம். “எதற்கும் ஒன்று எடுத்துவிடுங்களேன்” என்று பெற்றோர் வற்புறுத்துவதுண்டு. அப்போது எங்கள் தயக்கத்தைக் கஞ்சத்தனமாகக் கருத வேண்டாம்.

எங்களுக்கு உண்மையில் கவலை தருவது தேவையான ஒரு ஸ்கேன் அன்று. தேவையற்ற ஐந்தாவது ஸ்கேனே. சிறுநீரகக் கல்லால் அவதிப்பட்ட 28 வயது இளைஞர் ஒருவர், வலி வரும்போதெல்லாம் அருகிலிருந்த மருத்துவமனைக்குச் சென்றார். இரண்டு ஆண்டுகளில் நான்கு இடங்களில் ஆறு சி.டி. ஸ்கேன். அவற்றுள் ஒன்று நாங்கள் எடுத்தது. முன்பு எடுத்ததுண்டா என்று நாங்களும் கேட்கவில்லை. படங்கள் வீட்டில் அலமாரி மேல் இருந்ததை அவரும் சொல்லவில்லை. தெரிந்த கல்லைப் பின்தொடரப் பலருக்கு அல்ட்ராசவுண்டே போதும். அதில் இக்கதிர்வீச்சு அறவே இல்லை. எம்.ஆர்.ஐ. பரிசோதனையிலும் இல்லை.

ஆகவே எங்களைக் கேளுங்கள். இந்த ஸ்கேனின் முடிவால் சிகிச்சையில் என்ன மாறும்? கதிர்வீச்சில்லாத வேறு பரிசோதனை உண்டா? பழைய படம் போதாதா? இவற்றுக்கு விடை சொல்வது எங்கள் கடமை. கேட்பதால் எந்த மருத்துவரும் வருந்த மாட்டார். வருந்தினால் அது அவருடைய குறை.

அடிக்கடி கேட்கப்படும் இன்னும் சில. எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் முடிந்த கணமே கதிர் நின்றுவிடும். உடலில் எதுவும் தங்காது. வீட்டுக்குச் சென்று குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். எலும்பு ஸ்கேன், பெட் ஸ்கேன் போன்றவற்றில் மருந்தே கதிர்வீசுவதால் அன்றைக்கு மட்டும் சில மணி நேரக் கட்டுப்பாடு உண்டு. அதை அங்கேயே சொல்லி அனுப்புவார்கள். “ஆபத்தில்லை என்றால் டெக்னீசியன் ஏன் அறையை விட்டு ஓடுகிறார்?” என்பதும் நியாயமான கேள்வியே. உங்களுக்கு அது ஒருமுறை. அவர் நாள்தோறும் பலருக்கு எடுப்பவர்; ஒவ்வொரு முறையும் உள்ளே நின்றால் அவருக்குச் சேர்ந்துகொண்டே போகும்.

கருவுற்றிருந்தாலோ, நாள் தள்ளிப்போயிருந்தாலோ முன்னதாகச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் எடுத்துவிட்டாலும் கலங்க வேண்டாம். மார்பு எக்ஸ்ரேயில் கருவுக்குச் சேர்வது மிகமிகச் சொற்பம். அதற்காகக் கருவைக் கலைக்க எண்ணி வந்த தம்பதியரை நாங்கள் கண்டிருக்கிறோம். நல்லவேளை, முதலில் எங்களிடம் வந்தார்கள். வயிற்று சி.டி. ஸ்கேன் ஒன்று எடுத்திருந்தாலும் கருக்கலைப்புக்கு அது காரணமாகாது.

அந்த இளைஞர் இப்போது படங்களையும் குறுந்தகடுகளையும் தேதிவாரியாக ஒரே பையில் வைத்திருக்கிறார். சென்ற முறை வலியோடு வந்தபோது பையை மேசைமேல் வைத்துவிட்டே பேசத் தொடங்கினார். அல்ட்ராசவுண்ட் மட்டும் எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டு, மருந்து கொடுத்து அனுப்பினோம். உங்கள் வீட்டிலும் படங்கள் பரணிலோ மெத்தைக்கடியிலோ கிடக்கலாம். அடுத்த முறை வரும்போது எடுத்து வாருங்கள்.