கால் எழத் தாளம் போடுங்கள்
ஓய்வில் இருக்கும்போது நம் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கிறது. மூச்சுக்கும் நடைக்கும்கூட லயம் உண்டு. தைப்பூசத்தில் உறுமி முழங்கினால், களைத்துப்போன காவடிக்காரரின் கால்களும் அதனோடு சேர்ந்து ஆடும்.

அந்த நடையின் லயத்தைக் குலைப்பது பார்க்கின்சன் நோய். மூளையில் டோபமின் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதால் உடல் அசைவு தடுமாறுகிறது. சிலருக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். என் அம்மாவுக்கு வாசற்படி அருகே அப்படித்தான் ஆகும். அப்போது கையைப் பிடித்து இழுத்தால் விழுந்துவிடுவார். பிசியோதெரபி நிபுணர் சொல்லிக்கொடுத்தபடி, நான் நிதானமாகக் கைதட்டி நான்கு வரை எண்ணுவேன். அடுத்த தட்டில் பெரும்பாலும் கால் எழும். உள்ளே தவறிய தாளத்துக்கு வெளியோசை கைகொடுக்கிறது.

இது மருந்துக்கு மாற்று அல்ல, துணை மட்டுமே. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் தயங்கி நின்றால் அவசரப்படுத்தாதீர்கள். சிகிச்சையாளரிடம் கேட்டுக்கொண்டு, தாளம் போட்டுப் பாருங்கள்.