நோயுற்ற உயிரணுவில் நொதிகளின் தொழில்

வைரஸ் தனக்கு வேண்டிய சக்தியைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாதது. சர்க்கரையைச் சிதைத்துச் சக்தி பெறுவதற்குரிய நொதிகள் அதனிடம் இல்லை. ஆகவே இன்புளுயென்சா, கொரோனா முதலிய சுவாச வைரஸ்கள் தாம் புகுந்த உயிரணுவின் நொதிகளையே தம் பணிக்கு ஏவிக்கொள்ளுகின்றன. தன் தேவைக்கு அளவாகக் குளுகோஸை உட்கொண்டு வந்த உயிரணு, இப்போது அதனை மிகுதியாக உட்கொள்ளத் தொடங்குகிறது. அக்குளுகோஸிலிருந்து கிடைப்பது சக்தி மட்டுமன்று. புதிய வைரஸ்களின் ஆர்.என்.ஏ.வுக்கு வேண்டிய ரைபோஸும், மேலுறைக்கு வேண்டிய கொழுப்பும் அதிலிருந்தே உண்டாக்கப்படுகின்றன.

இவ்வழியின் முதற்படியில் நிற்பது ஹெக்ஸோகைனேஸ் என்னும் நொதி. குளுகோஸுடன் ஒரு பாஸ்பேட்டைச் சேர்த்து அடுத்த நொதியிடம் ஒப்படைப்பது அதன் தொழில். 2-டிஆக்ஸி-டி-குளுகோஸ் என்ற பொருளோ குளுகோஸைப் பெரிதும் ஒத்தது. இரண்டாவது கார்பனில் ஓர் ஆக்ஸிஜன் அணு மட்டுமே குறைவு. ஹெக்ஸோகைனேஸ் இவ்வேற்றுமையை உணராது அதற்கும் பாஸ்பேட்டைச் சேர்த்துவிடுகிறது. ஆனால் அடுத்த நொதியால் அதனை மாற்ற இயலாது. கட்டடம் கட்டுமிடத்தில் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவோரை நாம் கண்டிருக்கிறோம். இரண்டாமவர் வாங்க மறுத்தால் முதலாமவரின் கையும் முடங்கிவிடும் அல்லவா? இங்கு நிகழ்வதும் ஏறக்குறைய அதுவே. இவ்வுவமை வகுப்பறைக்கும் பயன்படக்கூடும்.

இக்கருத்து புதியதன்று. அமெரிக்க அறிஞர் கில்போர்ன் 1959-ஆம் ஆண்டிலேயே, இப்பொருள் இன்புளுயென்சா வைரஸின் பெருக்கத்தைத் தடுப்பதை வெளியிட்டார். பின்னர் தில்லியிலுள்ள பாதுகாப்புத் துறையின் இன்மாஸ் நிலையம் மூளைக் கட்டிகளுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சையுடன் இதனை ஆராய்ந்து வந்தது. 2020 ஏப்ரலில் அந்நிலையத்தார், ஹைதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையத்தின் துணையுடன், கொரோனா வைரஸின் மீது இதனைச் சோதித்தனர். வைரஸின் வளர்ச்சி தடைப்பட்டது. அவ்வாண்டிலேயே ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர ஆய்வாளர்களும் வளர்ப்பு உயிரணுக்களில் இத்தகைய பயனைக் கண்டனர்.

ஆயினும் கண்ணாடிக் கலத்தில் வளரும் உயிரணு வேறு, மூச்சுத் திணறும் நோயாளி வேறு. ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து நடத்திய இரண்டாம் கட்டப் பரிசோதனையில் 110 பேரும், மூன்றாம் கட்டத்தில் 220 பேரும் பங்கேற்றனர். ஒரு மருந்தின் முழுத் தகுதியை அறுதியிட இத்தொகை சிறிதே எனலாம். 2021 மே மாதத்தில், இரண்டாம் அலையின் நெருக்கடியில், அவசரகால அனுமதி வழங்கப்பட்டது. அதுவும் மருத்துவமனையில் பிற சிகிச்சைகளுடன் அளிக்கும் துணை மருந்து என்ற முறையில் மட்டுமே. நீரில் கரைத்துப் பருகும் பொடியாக அது வெளிவந்தது.

பொடிதானே என்று எளிதாக எண்ணுதற்கில்லை. மூளையும் சிவப்பணுக்களும் இதே நொதி வழியை நம்பியே வாழ்கின்றன. எனவே மருத்துவரின் கண்காணிப்பில், மிகுதியாகப் பத்து நாட்கள் வரையே இதனைக் கொடுக்கலாம் என்றும், கட்டுக்கடங்காத நீரிழிவும் கடும் இதயக் கோளாறும் உடையோரிடம் எச்சரிக்கை வேண்டுமென்றும், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் 18 வயது நிரம்பாதோருக்கும் கொடுக்கலாகாது என்றும் 2021 ஜூன் மாத அறிவுறுத்தல் விதித்தது.