காற்றும் கறையானும்

கண்டியிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் பெருவழியில், ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ளது அக்குறணை. வாணிபத்தில் பெயர் பெற்ற ஊர் அது. சுற்றிலுமுள்ள குன்றுகளில் விளையும் மிளகும், கராம்பும், சாதிக்காயும் சாக்குகளில் கட்டப்பட்டு இப்பக்கத்துக் கடைகளின் தராசுகளில் ஏறுகின்றன. தராசைப் பிடிப்பவர் நம்மவர். சரக்கைக் கொணர்ந்தவரும் நம்மவர். ஆயினும் அச்சரக்கின் விலையை முடிவு செய்பவர் யார்?

உலகிலேயே மிகுதியாக மிளகு விளைவிக்கும் நாடு வியட்நாம். அங்கே விளைச்சல் பெருகினால் இங்கே விலை சரிகிறது. நம் மிளகைப் பெருமளவில் வாங்கும் நாடு இந்தியா. அங்கே இறக்குமதி விதியொன்று மாறினால், இங்கே வியாபாரியின் கணக்கும் மாறுகிறது. இவையிரண்டுக்கும் மேலாக, கடல் கடந்த வாணிபத்தில் விலை பேசப்படுவது டொலரில். அந்த டொலரின் வட்டியை உயர்த்துவதும் தாழ்த்துவதும் வாஷிங்டன் நகரில் கூடும் ஒரு குழு. மலைச்சரிவில் நாலு மிளகுக் கொடி வைத்திருக்கும் குடியானவரின் அடுப்பெரிவது, அவர் கண்டறியாத மனிதரின் தீர்மானங்களோடு இவ்வாறு பிணைந்து கிடக்கிறது.

இதனைக் கண்டு, "நம் துன்பங்கள் யாவும் உலகச் சந்தை செய்த கொடுமை" என்பார் ஒரு சாரார். "இல்லை, யாவும் ஆட்சியாளர் செய்த பிழை" என்பார் மற்றொரு சாரார். இரண்டும் பாதி உண்மைகளே. புயற்காற்று வெளியிலிருந்து வருகிறது. கறையானோ வீட்டுக்குள்ளேயே வளர்கிறது. காற்றடித்த வீடெல்லாம் விழுந்துவிடுவதில்லை. கறையான் அரித்த வீடும் காற்று வரும் வரையில் நிமிர்ந்தே நிற்கும். இரண்டும் ஒன்று சேரும் நாளே வீழ்ச்சி நாள். நம் மலைநாடு இதனை இரண்டு முறை கண்கூடாகக் கண்டிருக்கிறது. முதலாவது 1884இல், இரண்டாவது 2022இல்.

கோப்பி தந்த பாடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கண்டிச் சீமையின் செல்வமெல்லாம் கோப்பியாக இருந்தது. தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்த தொழிலாளரின் உழைப்பினால் அச்செல்வம் எழுந்தது. கோப்பியைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்வதற்கென்றே கண்டிக்குப் புகைவண்டிப் பாதை போடப்பட்டது. 1867இல் வண்டியும் வந்து சேர்ந்தது.

இரண்டே ஆண்டுகளில், 1869இல், கோப்பி இலைகளில் ஒரு துருநோய் தென்பட்டது. அக்காலத்தில் அதனை நீக்க மருந்து இல்லை. ஆனால் உலகச் சந்தையில் கோப்பியின் விலை உயர்ந்திருந்தமையால், நோயுற்ற இலையை எவரும் பொருட்படுத்தவில்லை. கடன் மேல் கடன் வாங்கிப் புதிய தோட்டங்களைத் திறந்தார்கள் துரைமார்; கேட்டபோதெல்லாம் கொடுத்தன வங்கிகள். பின்னர் பிரேசில் நாட்டின் கோப்பி பெருகியது; விலை சரிந்தது; விளைச்சலும் அற்றுப் போயிற்று.

அந்நாளில் இலங்கை மக்களின் கையில் புழங்கிய தாள் நாணயம் அரசாங்கம் வெளியிட்டதன்று, வங்கிகள் வெளியிட்டது. அவற்றுள் முதன்மை பெற்றிருந்தது ஓரியன்டல் வங்கி. 1884 மே மாதம் 3ஆம் நாள் அவ்வங்கி கொடுக்கல் வாங்கலை நிறுத்தியது. காலையில் பணமாக இருந்தது மாலையில் வெறுங்காகிதம் ஆகுமோ என்று நாடே கலங்கியது. அப்போது தேசாதிபதியாக இருந்த சேர் ஆதர் கோர்டன், அந்தத் தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்துக் கலக்கத்தைத் தணித்தார். அவ்வாண்டிலேயே தாள் நாணயச் சட்டம் இயற்றப்பட்டது. 1885 முதல் தாள் வெளியிடும் உரிமை அரசாங்கத்திற்கே உரியதாயிற்று. வெளியிடும் தாளுக்கு ஈடாக வெள்ளி நாணயமும் பிணைப்பத்திரங்களும் இருப்பில் இருக்க வேண்டும் என்பது விதி.

துருநோயும் பிரேசிலின் விளைச்சலும் காற்று. துருப்பிடித்த இலையின் மேல் வாங்கிய கடனோ கறையான். வீடு விழுந்தபின் கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டார்கள். கூலியே கதியென்றிருந்த தொழிலாளர் பட்ட பாட்டிற்கு எப்பூட்டும் ஈடாகவில்லை.

ஒரே காற்று, இரண்டு வீடுகள்

நிற்க, நம் காலத்துக்கு வருவோம். 2020இல் கொவிட் நோய் உலகை முடக்கியபோது, அமெரிக்க மத்திய வங்கி தன் வட்டியை ஏறக்குறையப் பூச்சியம் ஆக்கியது. உலகெங்கும் பணம் மலிவாயிற்று. பின்னர் விலைவாசி ஏறத் தொடங்கியது. 2022 பெப்ரவரியில் உக்ரேன் மீது ரஷ்யா படையெடுக்கவே, மசகு எண்ணெயின் விலை அடுத்த மாதமே பீப்பாய் ஒன்றுக்கு 120 டொலரைத் தாண்டியது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்கப் பணவீக்கம் நூற்றுக்கு 9.1 ஆயிற்று, நாற்பது ஆண்டுகளில் அந்நாடு காணாத உயர்வு அது. அதனை அடக்க, 2022 மார்ச்சில் தொடங்கி 2023 ஜூலைக்குள் வட்டியை ஐந்து வீதத்திற்கு மேல் உயர்த்தினார்கள். அங்கே வட்டி உயர்ந்தால், பிற நாடுகளில் சிதறிக் கிடக்கும் பணம் தாயிடம் ஓடும் கன்று போல அங்கே திரும்புகிறது. மற்ற நாணயங்கள் மெலிகின்றன.

இக்காற்று இந்தியாவின் மீதும் வீசியது. 2022ஆம் ஆண்டில் இந்திய ரூபா டொலருக்கு எதிராக இழந்தது ஏறக்குறையப் பத்திலொரு பங்கு. நம் ரூபாவோ மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலருக்கு 200 அளவில் இருந்து, இரண்டே மாதங்களில் 360 அளவிற்கு வீழ்ந்தது. காற்று ஒன்றுதான், வீடுகளே வேறு.

நம் வீட்டில் கறையான் எங்கெங்கே புகுந்திருந்தது என்பதை மாணவர்கள் வரிசைப்படுத்தி அறிந்துகொள்ள வேண்டும். 2007 முதல் பன்னாட்டு முறிகள் வாயிலாக டொலரில் கடன் வாங்கிப் பழகினோம். டொலர் ஈட்டும் வழிகளை அந்த அளவிற்குப் பெருக்கினோமில்லை. 2019இன் இறுதியில், பெறுமதி சேர் வரி உள்ளிட்ட வரிகள் திடீரெனக் குறைக்கப்பட்டன. வருவாய் குன்றியதும் மத்திய வங்கியின் அச்சுப் பணம் கைகொடுத்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டு வயல்கள் வாடின. ரூபாவின் உண்மையான மதிப்புச் சரிந்துகொண்டிருந்த காலத்திலும் டொலர் 200 ரூபாவே என்று பிடித்து வைத்திருந்தோம். அதற்காக இருப்பைக் கரைத்தோம். 2019இன் முடிவில் 760 கோடி டொலராக இருந்த இருப்பில், 2022 வசந்தத்தில் எடுத்துச் செலவிடக்கூடியது 5 கோடியும் இல்லை. ஏப்ரல் 12ஆம் நாள், சுதந்திரம் பெற்ற பின்னர் முதன்முறையாக, வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என்று நாடு அறிவித்தது.

பிறர் நாணயத்தில் கடன்படுவதன் ஆபத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 100 டொலர் கடன் வாங்கியவர் தம் கணக்கில் 20,000 ரூபா என்று எழுதி வைத்திருந்தார். ரூபா வீழ்ந்ததும் அதே கடன் 36,000 ஆயிற்று. அவர் ஒரு சதமேனும் கூடுதலாக வாங்கவில்லை. ஒரு நாளேனும் உல்லாசமாகச் செலவிடவில்லை. நாட்டின் கதையும் இதுவே. அந்நாளில் மாதம் 60,000 ரூபா பெற்ற ஒருவரின் சம்பளம் 300 டொலராக இருந்து, 170 டொலருக்கும் குறைந்தது. சம்பளப் பட்டியலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அரிசியும் மருந்தும் மட்டுமே மாறின.

அந்த ஆண்டைக் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா. எரிவாயுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இரவு பகலாக வரிசை; நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரையில் மின்வெட்டு. மேல் மாகாணத்தில் அச்சிடத் தாளில்லாமல் பாடசாலைப் பரீட்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருளில் மட்டும் 94.9 வீதம். உலக வங்கியின் கணிப்புப்படி, 2023இல் நாட்டு மக்களுள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் வறுமைக் கோட்டின் கீழ் இருந்தனர்.

குடும்பக் கணக்கில் விழுந்த துண்டு

2024 செப்டெம்பரில் பணவீக்கம் பூச்சியத்திற்கும் கீழே இறங்கியது என்று அறிவிக்கப்பட்டபோது, "அப்படியானால் கடையில் பழைய விலை ஏன் இல்லை?" என்று இல்லத்தரசியர் பலர் வினவினர். நியாயமான வினா. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். ஏணியில் ஓடி ஏறியவன் இப்போது சற்றே கீழிறங்கியிருக்கிறான் என்பதே அச்செய்தியின் பொருள். ஏறிய உயரம் முழுவதும் இறங்கிவிட்டான் என்பதன்று.

இழப்பு சேமிப்பிலும் விழுந்தது. உழைப்பாளர் முதுமைக்கெனச் சேர்த்த ஊழியர் சேமலாப நிதியின் பணம் பெருமளவு அரசாங்க முறிகளில் இருக்கிறது. திறைசேரி உண்டியல்களின் வட்டி 2022இல் முப்பது வீதத்தையும் தாண்டியிருந்தது. 2023இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோதோ, அந்நிதியின் பழைய முறிகளுக்குப் பதிலாக, 2025 வரையில் 12 வீதமும் அதன்பின் 9 வீதமும் வட்டி தரும் முறிகளே கொடுக்கப்பட்டன. அமெரிக்கச் சந்தையை ஒருநாளும் எண்ணிப் பாராத தொழிலாளியின் ஓய்வுக்காலப் பணமும் இப்புயலில் நனைந்தது.

நகையின் கதை இதனினும் வேதனையானது. பிள்ளையின் படிப்புக்கென்றும் மருந்துக்கென்றும் அந்நாளில் அடைவுக்குப் போன நகைகள் எத்தனை! அப்போது உலகச் சந்தையில் ஓர் அவுன்சுத் தங்கம் 1,800 டொலர் அளவில் இருந்தது. 2025 ஒக்டோபரில் 4,000 டொலரைக் கடந்தது. மீட்க இயலாமல் போன தாலிக்கொடியை மீண்டும் செய்ய எண்ணும் குடும்பத்திற்கு இவ்வேற்றத்தின் பொருள் சொல்லாமலே விளங்கும். தங்கம் விலையேறியது என்று மகிழ்பவர், அதைக் கைவிடாமல் வைத்திருக்க முடிந்தவரே.

பூட்டும் திறவுகோலும்

1950இல் மத்திய வங்கி நிறுவப்பட்டபோது, கோர்டன் காலத்துப் பூட்டு அகற்றப்பட்டு, நாணயத்தை வேண்டியவாறு நடத்தும் சுதந்திரம் நமக்குக் கிடைத்தது. அச்சுதந்திரத்தை நாம் எவ்வாறு பயன்படுத்தினோம் என்பதை 2022 காட்டிற்று. 2023இல் இயற்றப்பட்ட புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கச் செலவுக்காக வங்கி நேரடியாகப் பணம் கொடுப்பதைத் தடுத்து, மீண்டும் ஒரு பூட்டைப் போட்டிருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில், நெருக்கடிக்குக் காரணமான முன்னைய ஆட்சியாளரும் அதிகாரிகளும் சிலர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினர் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாணயத் தாள் என்பது நம்பிக்கை எழுதப்பட்ட காகிதம். ஆதலின் அச்சொல் இவ்விடத்தில் மிகப் பொருத்தமானது.

ஆயினும் ஒரு பாராளுமன்றம் போட்ட பூட்டை மற்றொரு பாராளுமன்றம் திறக்கலாம். காற்றும் ஓய்ந்துவிடவில்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்கா நம் பொருள்களுக்கு 44 வீதத் தீர்வை என்று அறிவித்தது. பல மாதப் பேச்சின் பின் ஓகஸ்டில் அது 20 வீதம் ஆயிற்று. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் திட்வா என்னும் மெய்யான புயலே வந்து கண்டி மாவட்டத்தின் மலைகளைச் சரித்தது. கடன் கொடுத்த நாடுகளோடு 2024இல் செய்துகொண்ட உடன்படிக்கைகளின்படி, முதலைத் திருப்பிச் செலுத்தும் காலம் 2028இல் தொடங்கி 2043 வரையில் நீளும். இன்று பாடசாலையில் படிக்கும் பிள்ளைகள் தம் உழைப்பின் நல்ல ஆண்டுகளெல்லாம் செலுத்தப்போகும் கடன் அது.

ஆகவே மாணவர்கள் வட்டி, இருப்பு, வரி என்னும் சொற்களைப் பரீட்சைக்கு மட்டும் மனப்பாடம் செய்தல் போதாது. வரியைக் குறைப்போம், சலுகை தருவோம் என்று மேடையில் ஒருவர் வாக்களிக்கும்போது, "அப்பணம் எங்கிருந்து வரும்? கடனானால் எந்த நாணயத்தில்? அதைச் செலுத்துபவர் யார்?" என்னும் மூன்று வினாக்களை எழுப்பக் கற்க வேண்டும். குடும்பங்களும் தம் பிள்ளைகளை அருகிருத்தி, மாத வரவு செலவையும் கடனையும் ஒளிக்காமல் காட்டுதல் நன்று. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். வாஷிங்டனில் வீசும் காற்றை அக்குறணையிலிருந்து நிறுத்த நம்மால் இயலாது. நம் தூண்களைத் தட்டிப் பார்ப்பது நம் கையில் இருக்கிறது; அதை நாள்தோறும் செய்தல் வேண்டும்.