உறையவைத்தால் பாட்டு இனிக்குமா?

ஹை-ஃபை பிரியர்களுக்கான சந்தையில் ‘கிரையோ’ என்ற அடைமொழியோடு ஒயர், ஃபியூஸ், பிளக், வால்வு எல்லாம் விற்கிறார்கள். சில ரூபாய் ஃபியூஸ் இந்த அடைமொழி சேர்ந்ததும் ஆயிரங்களுக்குத் தாவிவிடுகிறது. பொருளை மெதுவாகக் குளிர்வித்து, திரவ நைட்ரஜனின் கொதிநிலையான மைனஸ் 196 டிகிரி செல்சியஸுக்கு அருகே பல மணி நேரம் வைத்திருந்து, அதே நிதானத்தில் அறை வெப்பத்துக்குக் கொண்டுவருகிறார்கள். உலோகத்தின் படிக அமைப்பு இதனால் சீராகிறதாம், பாட்டும் துல்லியமாகிறதாம்.

முழுக்கக் கட்டுக்கதை என்று ஒதுக்கவும் முடியாது. சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துக் கடினப்படுத்திய எஃகில், ஆஸ்டெனைட் என்ற மென்மையான படிக வடிவம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். ஆழ்குளிரில் அதில் பெரும்பகுதி மார்ட்டென்சைட் என்ற கடினமான வடிவமாகிவிடும். வெளியே எடுத்த பிறகும் அந்த மாற்றம் நிலைக்கும். வெட்டுக்கருவிகளை உறையவைத்துத் தேய்மானத்தைக் குறைப்பது இதை நம்பித்தான்.

ஆனால் ஒயரில் இருப்பது செம்பு. உருகும்வரை அதற்கு ஒரே படிக வடிவம்தான். குளிரில் மாறுவதற்கு வேறொன்று கிடையாது. மைனஸ் 196 டிகிரியில் அதன் மின்தடை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறைவது உண்மையே. அணுக்களின் அதிர்வு அடங்குவதால் எலெக்ட்ரான்கள் தடங்கலின்றி ஓடுகின்றன. வெளியே எடுத்தால் அதிர்வும் திரும்பும், தடையும் திரும்பும். வாயேஜர் விண்கலங்களின் மெலிந்த சமிக்ஞையைப் பிடிக்கும் நாசாவின் ஆன்டெனாக்களில் ஆம்ப்ளிஃபயர்களை இயங்கும்போதே கடுங்குளிரில் வைத்திருப்பது அதனால்தான். ஒருமுறை உறையவைத்து எடுத்தால் போதும் என்றால் அவ்வளவு செலவு எதற்கு?

செம்பைக் கம்பியாக இழுக்கும்போது படிகத்தில் குறைகள் உண்டாகும். அவற்றைப் போக்குவது குளிர் அல்ல, சூடு. கம்பி ஆலைகள் அதைத்தான் செய்கின்றன. அதிலும் கடத்துதிறன் கூடுவது சுமார் 3 சதவீதம். குளிரே அந்த 3 சதவீதத்தைத் தந்துவிடுவதாக வைத்துக்கொள்வோம். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், 3 மீட்டர் தூரம், போக வர 6 மீட்டர் என்றால் மொத்தத் தடையே 0.04 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் ஒலி கூடுவது ஒரு டெசிபலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. டெசிபலில் பத்தில் ஒரு பங்கையே காது உணர்வது கடினம்.

இசைக்கருவியிலும் சோதித்திருக்கிறார்கள். 2003-இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 10 பித்தளை டிரம்பெட்டுகளில் பாதியை உறையவைத்து ஒப்பிட்டார்கள். ஒலியில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. வாசிப்பவருக்கு வாசிப்பவர் இருந்த வேறுபாடுதான் பெரிது.

இருந்தும் ‘எனக்குக் கேட்கிறதே’ என்பவர்கள் பொய் சொல்வதில்லை. பழைய பிளக்கைக் கழற்றி வேறொன்றைச் செருகும்போது முனைகளில் படிந்த அழுக்கு உரசிப் போகும். அது நிஜமான மாற்றம். செலவழித்த பணமும் காதைக் கூர்மையாக்கும்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒன்று செய்யுங்கள். உறைந்த ஒயரையும் சாதா ஒயரையும் உங்கள் கண்ணில் படாமல் வேறொருவர் பலமுறை மாற்றிப் பொருத்தட்டும். எது எதுவென்று ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்ல முடிந்தால் தாராளமாக வாங்குங்கள். முடியாவிட்டால் அந்தப் பணத்தை நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள்.