நீர்வண்ணம் பயில்வோர்க்கு முதற்கருவி எது?

ஓவியக் கலையின் பல துறைகளுள் எளிதானது எது என்று வினவினால், நீர்வண்ணம் என்றே பலரும் விடை கூறுவர். எண்ணெய் வண்ணத்திற்கு வேண்டிய துணித்திரையும், ஆளிவிதை எண்ணெயும், டர்பன்டைனும் இதற்கு வேண்டுவதில்லை. ஒரு குவளை நீர், ஒரு தூரிகை, சில வண்ண வில்லைகள், ஒரு தாள் இருந்தால் போதும், செலவும் குறைவு. அதனாலேயே பள்ளிப் பிள்ளைகளின் கையில் முதன்முதலாகக் கொடுக்கப்படும் வண்ணங்களுள் ஒன்றாக இது இருக்கிறது. ஆனால், பழகிய ஓவியரைக் கேட்டால் அவர் வேறு விடை கூறுவார். எண்ணெய் வண்ணத்தில் பிழை நேர்ந்தால் சுரண்டி எடுக்கலாம்; அதன்மேல் மீண்டும் பூசி மறைக்கலாம். நீர்வண்ணத்திலோ பெரும்பாலும் இட்டது இட்டதுதான். எளிய கருவிகளைக் கொண்டு செய்யப்படும் அரிய கலை இது.

இவ்வரிய கலையில் கைவைக்கும் பிள்ளைக்கு முதல் நாள் கிடைப்பவை யாவை? மெல்லிய வரைதாள் ஒன்று. இருபத்து நான்கு வண்ணங்கள் அடங்கிய பெட்டி ஒன்று. அப்பெட்டியோடு வந்த, முனை கலைந்த தூரிகை ஒன்று. நீர் பட்டவுடன் தாள் நெளிகிறது. வண்ணம் திட்டுத் திட்டாகப் படிகிறது. மறுமுறை தடவினால் தாள் நார் நாராக உரிகிறது. வானம் என்று தொடங்கியது சேறாக முடிகிறது. "எனக்குப் படம் வராது" என்று பிள்ளை முடிவு செய்துவிடுகிறது. ஆசிரியரும் சில வேளை அதற்கு உடன்பட்டுவிடுகிறார். பிழை கையிலா, கருவியிலா என்று ஆராயாமல் வழங்கப்படும் தீர்ப்பு இது. கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஆசிரியர் அறிந்திருப்பின், இத்தகைய தீர்ப்புகளுள் பல மாறிவிடும்.

நீர்வண்ணத்தின் இயல்பு

நீர்வண்ணம் என்பது நுண்ணிய நிறப்பொடியை வேல மர இனத்தின் பிசினோடு குழைத்துச் செய்வது. அரபுக் கோந்து எனப்படும் அப்பிசின், நிறப்பொடியைத் தாளோடு ஒட்டச் செய்கிறது. வண்ணம் இறுகிப் போகாமலிருக்கக் கிளிசரினோ தேனோ சேர்ப்பதுண்டு. இக்கலவையை நீரில் கரைத்துத் தாளின்மேல் படரவிட்டால், நீர் ஆவியாகி நிறப்பொடியின் மெல்லிய படலம் மட்டும் எஞ்சுகிறது.

இப்படலம் ஒளி ஊடுருவக் கூடியது. ஒளி அதன் வழியே சென்று, கீழுள்ள வெள்ளைத் தாளில் பட்டு, மீண்டும் அப்படலத்தின் வழியே நம் கண்ணை அடைகிறது. நல்ல நீர்வண்ண ஓவியம் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தோன்றுவதன் காரணம் இதுவே. இதிலிருந்து இரண்டு விதிகள் பிறக்கின்றன. ஒன்று, ஓவியத்தின் வெண்மை தாளின் வெண்மையே. ஆகவே, வெண்மை வேண்டிய இடத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும். மற்றொன்று, வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடிக்க வேண்டும். அடர் நிறத்தின்மேல் இட்ட வெளிர் நிறம் தெரியாது.

ஒளியைத் திருப்பித் தருவதும் தாள். நீரைத் தாங்குவதும் தாள். எனவே, கையிலுள்ள பணம் குறைவானால் அதை முதலில் தாளுக்கும், அடுத்துத் தூரிகைக்கும், இறுதியாக வண்ணத்திற்கும் செலவிட வேண்டும். பெரும்பாலோர் செய்வது இதற்கு நேர்மாறு.

தாள்

நீர்வண்ணத் தாளில் கவனிக்க வேண்டியவை மூன்று: எடை, பசை, மேற்பரப்பு.

எடை, ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று அட்டையில் குறிக்கப்பட்டிருக்கும். 200 கிராமுக்குக் குறைந்த தாள், நீர் பட்டால் பெரிதும் நெளியும். 300 கிராம் தாள் பயிற்சிக்கு ஏற்றது. மெல்லிய தாள்தான் கிடைக்கும் என்றால், அதை நீரில் நனைத்துப் பலகைமேல் விரித்து, நான்கு ஓரங்களையும் பசைத்தாள் நாடாவால் ஒட்டிக் காயவிட வேண்டும். காயும்போது தாள் முரசுத் தோல்போல் இறுகும். பின்னர் நீர் பட்டாலும் அவ்வளவாக நெளியாது.

பசை என்பது தாளுக்கு ஊட்டப்பட்டிருக்கும் ஜெலட்டின் முதலிய பொருள். அதுவே வண்ணநீரைச் சற்று நேரம் மேற்பரப்பில் நிறுத்தி வைக்கிறது. பசையற்ற தாள் மையொற்றும் தாளைப்போல் உடனே உறிஞ்சிவிடும். இதைச் சோதிக்க, தாளின் ஒரு மூலையில் ஒரு துளி நீரை விடுக. துளி முத்துப்போல் நின்றால் தாள் நல்லது. உடனே பரவிக் கருநிறத் திட்டாக மாறினால் அத்தாள் நீர்வண்ணத்திற்கு உதவாது. ஒரு தாள் விலை உயர்ந்தது என்பதால் மட்டும் இச்சோதனையைத் தவிர்க்கலாகாது. மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரப்பதம் மிகுந்த நாடுகளில் நெடுநாள் திறந்து கிடந்த தாளின் பசை கெட்டுவிடும். வண்ணம் பூசும்போது ஆங்காங்கே அடர்ந்த புள்ளிகள் தோன்றுவது அதன் அறிகுறி. எனவே, தாளை மூடியுள்ள பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலங்களுடன் வைப்பது நலம்.

மேற்பரப்பு மூவகைப்படும். சூடான உருளையில் அழுத்தியது வழவழப்பானது. நுண்ணிய கோட்டோவியத்திற்கு ஏற்றது. குளிர்ந்த உருளையில் அழுத்தியது சிறிது சொரசொரப்பானது. பயில்வோர்க்கு இதுவே தக்கது. மூன்றாவது மிகவும் முரடானது. பருத்தி நாரால் செய்த தாள், மரக்கூழால் செய்ததைவிடப் பலமுறை பூசுதலையும் ஒற்றியெடுத்தலையும் தாங்கும்.

இத்தாள் விலை மிக்கதாயிற்றே எனலாம். 56 சென்டிமீட்டர் அகலமும் 76 சென்டிமீட்டர் நீளமும் உள்ள முழுத்தாளை மடித்துக் கிழித்தால், 28க்கு 19 அளவில் எட்டுத் துண்டுகள் கிடைக்கும். அவற்றைப் பாதியாக்கினால் பதினாறு. பதினாறு மாணாக்கர் கொண்ட வகுப்புக்கு ஒரு தாள் போதுமானது. இருபுறமும் பயன்படுத்தினால் இரண்டு பாடங்கள் நடத்தலாம். பெரிய தாளில் தோற்பதைவிடச் சிறிய தாளில் தேறுவது மேல்.

தூரிகை

தமிழர்க்குத் தூரிகை புதிதன்று. பாதிரி மலரை, செவ்வரக்கு ஊட்டிய ஓவியர் துகிலிகைக்கு ஒப்பிடும் பாடல் நற்றிணையில் உண்டு. நுனியில் மென்மையும் உள்ளே வண்ணம் தாங்கும் நிறைவும் இருப்பதே நல்ல தூரிகையின் இலக்கணம். சைபீரிய மரநாயின் வால் மயிரால் செய்யப்படும் தூரிகை உலகப் புகழ் பெற்றது. விலையும் அதற்கேற்ப உயர்ந்தது. இன்று செயற்கை இழையால் செய்யப்படும் தூரிகைகளும் பயில்வோர்க்கு நன்கு பயன்படுகின்றன.

வகைக்கொன்றாகப் பத்துத் தூரிகைகள் வேண்டா. 8ஆம் அல்லது 10ஆம் எண்ணுள்ள உருண்டைத் தூரிகை ஒன்றும், ஓர் அங்குல அகலமுள்ள தட்டைத் தூரிகை ஒன்றும் போதும். எண்கள் எல்லா நிறுவனங்களிலும் ஒரே அளவைக் குறிப்பதில்லை. ஆகவே கண்ணால் கண்டு வாங்க வேண்டும். நீரில் நனைத்து ஒருமுறை உதறினால் உருண்டைத் தூரிகையின் மயிர்கள் ஒன்றுகூடிக் கூர்மையாக நிற்க வேண்டும். விரலால் வளைத்து விட்டால் நிமிர வேண்டும்.

தூரிகையை நீர்க் குவளையில் தலைகீழாக நிறுத்தி வைப்பது பள்ளிகளில் காணப்படும் வழக்கம். அதனால் முனை வளைந்துவிடுகிறது. பிடியிலுள்ள மரம் ஊறி உலோகக் குழல் கழன்றுவிடுகிறது. கழுவி, முனையைக் கூர்ப்படுத்தி, படுக்க வைத்து உலர்த்துவதே முறை.

வண்ணம்

ஒரு காலத்தில் ஓவியர் தம் வண்ணங்களைத் தாமே அரைத்துக்கொண்டனர். இலண்டனில் ரீவ்ஸ் சகோதரர்கள் செய்த வண்ண வில்லைகளுக்குக் கலைச் சங்கம் 1781இல் வெள்ளித் தட்டுப் பரிசு அளித்தது. 1832இல் தொடங்கப்பட்ட வின்சர்-நியூட்டன் நிறுவனம், பின்னர்க் கிளிசரின் சேர்த்த ஈர வில்லைகளையும் குழாய் வண்ணங்களையும் கொண்டுவந்தது. ஓவியர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே சென்று இயற்கையை நேரில் தீட்ட இவை வழிசெய்தன.

வண்ணங்களின் தொகை பெருகப் பெருகத் திறமை பெருகும் என்று எண்ணுவது பிழை. இருபத்து நான்கு நிறங்கள் உள்ள பெட்டி, பிள்ளை நிறம் கலக்கக் கற்பதைத் தடுக்கிறது. இலை என்றால் பெட்டியிலுள்ள பச்சை, வானம் என்றால் பெட்டியிலுள்ள நீலம் என்று கை பழகிவிடுகிறது. ரப்பர்த் தளிரின் பச்சையும், செம்பனை ஓலையின் பச்சையும், வாழை இலையின் பச்சையும் ஒன்றல்ல என்பதைக் கண் காணாமலே போய்விடுகிறது. ஆறு வண்ணங்கள் போதும்: எலுமிச்சை மஞ்சள், காவி மஞ்சள், ரோஜாச் சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், தாலோ நீலம், சுட்ட செம்மண் நிறம். அல்ட்ராமரைன் நீலத்தோடு சுட்ட செம்மண் நிறத்தைக் கலந்தால், மழை மேகத்தின் சாம்பல் முதல் கரிய நிழல் வரை எல்லாம் கிடைக்கும். கறுப்புத் தனியே வேண்டுவதில்லை.

குழாயின் மேலட்டையைப் படிக்கும் பழக்கம் வேண்டும். வண்ணத்தின் பெயர் நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும். நிறப்பொடியின் குறியெண் மாறாது. பிபி 29 என்றிருந்தால் அது அல்ட்ராமரைன் நீலமே. ஒளியில் மங்காமை எவ்வளவு என்பதும் பல அட்டைகளில் குறிக்கப்பட்டிருக்கும். 1888இல் பிரிட்டனில் ரஸ்ஸல், ஆப்னி என்னும் இருவர், நீர்வண்ணங்கள் ஒளியில் எவ்வாறு மங்குகின்றன என்பதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டனர். அதன் பிறகும் மங்கும் வண்ணங்கள் கடைகளில் விற்கப்பட்டே வருகின்றன. பிஆர் 83 என்னும் குறியெண் உடைய அலிசரின் கிரிம்சன் அவற்றுள் ஒன்று. சிறுவர் தூரிகையை வாயில் வைத்துக் கூராக்கும் இயல்பினர். ஆதலால் காட்மியம் கலந்த வண்ணங்களை அவர்கள் கையில் கொடுத்தலாகாது.

மாணவர் தர வண்ணத்தில் நிறப்பொடி குறைவு, நிரப்புப் பொருள் மிகுதி. ஓவியர் தர வண்ணம் விலை கூடுதல் எனினும் சிறிதளவே போதும். வண்ணம் கலக்க வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று இருந்தால் போதும். ஈரம் உலருமுன் வண்ணப் பெட்டியை மூடினால் வில்லைகளில் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு நாள் திறந்து வைத்து மூடுக.

பயிற்சி

கருவிகள் அமைந்தபின் பொருள்களை வரையத் தொடங்குவதற்கு முன், நீரை ஆளப் பழக வேண்டும்.

முதற்பயிற்சி சீரான பூச்சு. பலகையைச் சிறிது சாய்த்து வைத்து, தேவைக்கு மிகுதியாகவே வண்ணம் கரைத்துக்கொண்டு, தாளின் மேற்புறத்தில் இடமிருந்து வலமாக ஒரு கோடு இடுக. அதன் கீழ்விளிம்பில் வண்ணநீர் திரண்டு நிற்கும். அடுத்த கோடு அத்திரட்சியைத் தொட்டுக் கீழே இழுத்துவர வேண்டும். கடைசியில் எஞ்சும் நீரைத் துணியில் ஒற்றிய தூரிகையால் எடுத்துவிடலாம். இட்ட இடத்திற்கு மீண்டும் திரும்பலாகாது.

இரண்டாவது, ஒவ்வொரு கோட்டிலும் நீரைக் கூட்டி, அடர்விலிருந்து வெளிறுக்கு இறங்குவது. காலை வானம் வரைய இதுவே வழி. மூன்றாவது, ஒரே வண்ணத்தில் வெண்மை முதல் மிகுந்த அடர்வு வரை ஐந்து படிகள் அமைப்பது. நான்காவது, முற்றும் உலர்ந்த பூச்சின்மேல் மற்றொரு பூச்சு இடுவது. ஐந்தாவது, நனைந்த தாளில் வண்ணம் விட்டுப் படரச் செய்வது. மலையை மூடும் மூடுபனி இதனால் உருவாகும்.

இவை அனைத்திற்கும் அடிப்படை, தாளின் ஈரத்தை அறிதல். தாளைச் சாய்த்துப் பார்த்தால் பளபளப்புத் தெரியும் வரை வண்ணம் படரும். பளபளப்பு மறையும் நேரமே ஆபத்தான நேரம். அப்போது நீர் மிகுந்த தூரிகை பட்டால், அந்நீர் நிறப்பொடியை ஓரத்திற்குத் தள்ளிப் பூக்கோசு போன்ற கறையை உண்டாக்கும். புறங்கையால் மெல்லத் தொட்டால் குளிர்ச்சி தெரியும் வரை தாள் உலரவில்லை என்று பொருள். மேல்நாட்டு நூல்களில் கூறப்படும் உலரும் நேரத்தை இங்கே அப்படியே கொள்ள இயலாது. ஈரக்காற்று வீசும் மழைக்காலத்தில் அதைவிட நெடுநேரம் காத்திருக்க நேரும். இரண்டு துண்டுத் தாள்களை வைத்துக்கொண்டு மாறி மாறித் தீட்டினால், பொறுமை இழந்து கெடுக்கும் நிலை வாராது.

இன்னொரு சிறு செய்தி. தலையில் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு தாளைத் தொட்டால், தொட்ட இடத்தில் வண்ணம் பிடிக்காது. ஓவிய வகுப்புக்கு முன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவச் செய்வதும் பாடத்தின் ஒரு பகுதியே.

இந்நாட்டு முன்னோடிகள்

நீர்வண்ணம் மலேசியா, சிங்கப்பூர் மண்ணில் வேரூன்றிய கலை. பினாங்கில் வாழ்ந்த யோங் மன் சென், ஓவிய ஆசிரியராகவும் விளங்கிய அப்துல்லா அரிஃப் ஆகிய இருவரும் இத்துறையின் முன்னோடிகள். இருவரும் 1962இல் மறைந்தனர். சிங்கப்பூரின் லிம் செங் ஹோ (1912–1979) அலுவலகப் பணியில் இருந்துகொண்டே ஓய்வு நேரங்களில் ஆற்றங்கரையையும் கம்பத்து வீடுகளையும் நீர்வண்ணத்தில் தீட்டினார். 1969இல் சிங்கப்பூர் நீர்வண்ண ஓவியர் சங்கம் தோன்றியபோது அதை நிறுவியோருள் அவரும் ஒருவர். முழுநேர ஓவியர்க்கு மட்டுமே உரிய கலை இது அன்று என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

தோட்டப்புறப் பள்ளியிலும் அத்தகைய கையுடைய பிள்ளை ஒன்று அமர்ந்திருக்கக் கூடும். அதற்கு ஆசிரியர் வாங்கித் தர வேண்டியது பெரிய வண்ணப்பெட்டி அன்று. ஒரு துண்டு நல்ல தாளும், கூர் நிற்கும் ஒரு தூரிகையும், மூன்று வண்ணங்களுமே. "இப்பிள்ளைக்கு ஓவியம் வராது" என்று சொல்லுமுன், அதன் தாளில் ஒரு துளி நீரை விட்டுப் பார்ப்பது ஆசிரியர் கடமை.