கர்னலுக்கு ஒட்டுப் போடுதல்

விண்டோஸுக்கென ஆக்கப்பட்ட மென்பொருள் லினக்ஸில் ஏன் ஓடுவதில்லை? இரண்டும் ஒரே கணினியில் இயங்கத்தக்க பணிசெயல் முறைமைகள்தாமே என நேயர்கள் வினவக்கூடும். குறை இயந்திரத்தில் இல்லை. பேசும் முறையிலேயே உள்ளது. கோப்பைத் திறக்கவும் படத்தை வரையவும் மென்பொருள் விடுக்கும் வேண்டுகோள்கள் ஒவ்வொரு முறைமைக்கும் வெவ்வேறு விதமாக அமைந்தவை.

1993ஆம் ஆண்டில் தொடங்கிய 'வைன்' என்னும் திட்டம், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரைப் போல, விண்டோஸ் மென்பொருளின் வேண்டுகோளை லினக்ஸுக்கு விளங்குமாறு எடுத்துரைக்கின்றது. அதன் 1.0 பதிப்பு 2008இலேயே வெளிவந்தது. ஆயினும், ஒரு மொழியில் இல்லாத சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் என் செய்வார்?

விண்டோஸில் ஒரு பணியிழை பல நிகழ்ச்சிகளுக்கு ஒருங்கே காத்திருக்கலாம். ஒன்று நிகழ்ந்தால் போதுமென்றோ, யாவும் நிகழவேண்டுமென்றோ விதிக்கலாம். லினக்ஸின் கருவாகிய கர்னலில் இதற்கு நேரான வசதி இருக்கவில்லை. ஆகவே வைன், கணக்கர் ஒருவரை அமர்த்தியதுபோல, தனியொரு நிரலிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தது. ஒவ்வொரு தடவையும் அதனிடம் சென்று மீளவேண்டியிருந்தமையால் விளையாட்டு மென்பொருள்கள் வேகம் குன்றின.

எனவே சிலர் கர்னலையே திருத்த முற்பட்டனர். அதன் மூலநிரலை எவரும் பெற்றுத் திருத்த உரிமமும் இடந்தருகின்றது. 'ஒட்டு' என்பது எவ்வரியை நீக்கி எவ்வரியைச் சேர்ப்பது எனக் கூறும் கோப்பு. ஒட்டுக்கு ஏற்ற பதிப்பின் மூலநிரலையே எடுத்தல் வேண்டும். பதிப்பு மாறினால் வரிகள் பொருந்தாது போகலாம். ஒட்டிய பின்னர், இயங்கிக்கொண்டிருக்கும் கர்னலின் அமைப்புக் கோப்பை முன்மாதிரியாகக் கொண்டு, புதிய கர்னலைத் தொகுத்து நிறுவுவர்.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. கர்னல் பிழைத்தால் கணினி முழுவதுமே எழாது. பழைய கர்னலை அழியாது வைத்திருப்பவர், தொடக்கப் பட்டியலில் அதனைத் தெரிந்து மீளலாம். அழித்தவர்க்கு அவ்வழி இல்லை. மேலும், பாதுகாப்புத் திருத்தங்களுடன் புதிய பதிப்பு வருந்தோறும் இவ்வேலையை மீண்டும் செய்தல் வேண்டும்.

இச்சுமைக்கு முடிவு, ஒட்டு மூலக் கர்னலிலேயே இடம்பெறுவதாகும். பலவற்றுள் ஏதேனும் ஒன்றிற்குக் காத்திருக்கும் வசதி 2022 ஜனவரியில் வெளிவந்த 5.16 பதிப்பில் இணைந்தது. விண்டோஸின் முறையை நெருங்கப் பின்பற்றும் 'என்டிசிங்க்' 2025 மார்ச்சில் வெளிவந்த 6.14 பதிப்பில் முழுமை பெற்றது. தனியார் சிலர் தம் கணினிக்கெனப் போட்ட ஒட்டு, இவ்வாறு அனைவர்க்கும் பொதுவுடைமை ஆயிற்று.